இன்ஜினைக் குறுக்கே வைத்த மனுஷன்

வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு சின்ன பெட்ரோல் கார் இருந்தால் பானெட்டைத் திறந்து பாருங்க. இன்ஜின் காரின் நீளவாக்கில் இருக்காது. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவில் குறுக்காக உட்கார்ந்திருக்கும். மாருதி 800 காலத்திலிருந்தே நாம அப்படித்தான் பார்த்துப் பழகியிருக்கோம். அதனால் அதில் ஒரு அதிசயமும் தெரியாது.

ஆனால் 1950-களில் நான்கு சிலிண்டர் கார் என்றால் இன்ஜின் முன்னும் பின்னுமாக நீளவாக்கில்தான் இருக்கும். அதற்குப் பின்னால் கியர்பாக்ஸ், அதிலிருந்து பின் சக்கரம் வரைக்கும் ஒரு நீளமான ஷாஃப்ட். இந்த வரிசையை உடைத்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தவர் அலெக் இசிகோனிஸ். 'மினி' காரை உருவாக்கியவர். அவருடைய கதை ஒரு ஜீனியஸ் கதை மட்டும் இல்லை. நல்ல டிசைனுக்குள்ளேயே அதன் வியாதிகளும் எப்படி ஒளிந்திருக்கும் என்பதற்கும் அதுதான் எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம். ஃபைனல் இயர் புராஜெக்ட் பண்ணிக்கிட்டிருக்கிற எல்லாரும் ஒரு தடவை படிக்கணும்.

ஸ்மிர்னாவிலிருந்து லண்டன்

இசிகோனிஸ் பிறந்தது 1906 நவம்பர் 18. ஊர் ஸ்மிர்னா. இன்றைக்கு துருக்கியில் இஸ்மிர் என்று அழைக்கப்படும் துறைமுக நகரம், அப்போது ஒட்டோமான் பேரரசில் இருந்தது. அப்பா கான்ஸ்டன்டைன் கிரேக்க வம்சம், ஆனால் பிரிட்டிஷ் குடியுரிமை உள்ளவர். கப்பல் இயந்திரங்கள் சம்பந்தப்பட்ட பட்டறை நடத்தி வந்த குடும்பம். அம்மா ஹுல்டா ஜெர்மன் வம்சாவளி. சின்ன வயதிலிருந்தே இயந்திரங்களுக்கு நடுவில் வளர்ந்த பையன்.

1922-ல் எல்லாம் போச்சு. போரில் ஸ்மிர்னா துருக்கியப் படைகளின் கைக்குப் போனது, நகரம் தீக்கிரையானது. பிரிட்டிஷ் குடிமக்கள் என்பதால் இவர்களை பிரிட்டிஷ் கடற்படை மால்டா தீவுக்குக் கொண்டு போனது. பட்டறை, வீடு எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். கொஞ்ச நாளில் அப்பாவும் இறந்துவிட்டார். அம்மாவும் பிள்ளையும் லண்டன் வந்து சேர்ந்தது 1923-ல்.

அங்கே பேட்டர்சி பாலிடெக்னிக்கில் இன்ஜினியரிங் படிக்கச் சேர்ந்தார். நமக்கு ரொம்பப் பிடிக்கப் போகிற விஷயம் இதுதான்: கணிதத்தில் மூன்று தடவை ஃபெயில். நம்ம பாஷையில் சொன்னால் எம்-1 அரியரை மூணு தடவை எழுதியும் கிளியர் ஆகவில்லை! ஆனால் டிராயிங்கில் அவரை அடிச்சுக்க ஆள் இல்லை. கணிதம் கற்பனைக்கு எதிரி என்ற எண்ணம் கடைசி வரைக்கும் அவரிடம் இருந்தது. இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

கையால் செய்த ரேஸ் கார்

படிப்புக்குப் பிறகு சில வேலைகள். 1934-ல் கோவென்ட்ரியில் ஹம்பர் கம்பெனி, 1936-ல் ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் கௌலியில் இருந்த மோரிஸ் மோட்டார்ஸ். அதே காலத்தில் ஜார்ஜ் டௌசன் என்ற நண்பருடன் சேர்ந்து சொந்தமாக ஒரு ரேஸ் கார் கட்டினார். பெயர் 'லைட்வெயிட் ஸ்பெஷல்'. ஆஸ்டின் செவன் என்ற குட்டிக் காரின் இன்ஜினை வைத்து, பெரும்பாலும் கைக்கருவிகளாலேயே, பல வருஷம் எடுத்துச் செய்தது. எடை குறைவாக இருந்தால் சின்ன இன்ஜினே போதும் என்பது அவருக்கு அங்கேதான் கைப்பழக்கமாகப் புரிந்தது. சஸ்பென்ஷனில் ரப்பரைப் பயன்படுத்திப் பார்த்ததும் அந்தக் காரில்தான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் 1948-ல் அவருடைய முதல் பெரிய கார் வந்தது: மோரிஸ் மைனர். முழுக் காரையும் ஏறத்தாழ அவரே யோசித்தார். அதற்குப் புது இன்ஜினும் திட்டமிட்டிருந்தார். கம்பெனி பழைய 918 சிசி இன்ஜினையே போடச் சொல்லிவிட்டது. கடைசி நேரத்தில் கார் குறுகலாக இருப்பதாக அவருக்குத் தோன்றியது. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, பாதிகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகலம் கூட்டினார். எந்த ஃபார்முலாவும் போடவில்லை, கண்ணால் பார்த்து முடிவு செய்தார். மைனர் பத்து லட்சம் தாண்டி விற்ற முதல் பிரிட்டிஷ் கார் ஆனது.

1952-ல் மோரிஸும் ஆஸ்டினும் ஒன்றாகி பி.எம்.சி. என்ற பெரிய கம்பெனி ஆனது. இசிகோனிஸ் அங்கிருந்து ஆல்விஸ் என்ற சின்னக் கம்பெனிக்குப் போனார். அங்கே அவர் டிசைன் செய்த வி-8 கார் செலவு தாங்காது என்று நிறுத்தப்பட்டது. 1955 கடைசியில் மறுபடி பி.எம்.சி.க்கே திரும்பினார்.

பத்தடிக்குள் நாலு பேர்

1956-ல் சூயஸ் கால்வாய் நெருக்கடி. பிரிட்டனுக்கு எண்ணெய் வரத்து குறைந்து பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. ஜனங்கள் மூன்று சக்கரத்தில் முட்டை மாதிரி இருக்கும் ஜெர்மன் 'பபிள் கார்'களை வாங்க ஆரம்பித்தார்கள். பி.எம்.சி. தலைவர் லெனர்டு லார்டுக்கு இது பிடிக்கவே இல்லை. 1957-ல் இசிகோனிஸைக் கூப்பிட்டு உருப்படியான ஒரு சின்னக் கார் சீக்கிரம் வேண்டும் என்றார். ஒரே ஒரு நிபந்தனை: கம்பெனியில் ஏற்கெனவே இருக்கிற இன்ஜினைத்தான் பயன்படுத்தணும்.

இசிகோனிஸ் தனக்குத் தானே போட்டுக்கொண்ட நிபந்தனை இன்னும் கஷ்டம். காரின் நீளம் 10 அடி. அதில் பெரும்பகுதி மனிதர்களுக்கும் பெட்டிகளுக்கும் போகணும். அப்போ இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் மிச்சம் இருப்பது கையளவு இடம்தான்.

கிடைத்த இன்ஜின் 'ஏ-சீரீஸ்'. 1951-ல் ஆஸ்டின் ஏ30 காருக்காக 803 சிசி-யில் வந்தது. வார்ப்பிரும்பு பிளாக், வார்ப்பிரும்பு ஹெட், வரிசையாக நான்கு சிலிண்டர், புஷ்ராடு மூலம் திறக்கும் வால்வுகள், கிராங்க்ஷாஃப்டைத் தாங்க மூன்றே மெயின் பேரிங். இந்த இன்ஜினில் ஒரு விஷயத்தைக் கவனிங்க: கார்புரேட்டரும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். ஸ்பார்க் பிளக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் எதிர்ப் பக்கம். மொத்தக் கதையும் இதில்தான் இருக்கிறது.

இந்த இன்ஜினை நீளவாக்கில் வைத்தால் பத்தடிக்குள் அடங்காது. குறுக்கே திருப்பினார். பக்கத்தில் கியர்பாக்ஸ் வைக்க அகலம் போதவில்லை. அதனால் கியர்பாக்ஸை இன்ஜினுக்கு அடியில், ஆயில் சம்ப்புக்குள்ளேயே வைத்தார். இன்ஜினுக்கும் கியருக்கும் ஒரே ஆயில். அங்கிருந்து நேரடியாக முன் சக்கரங்களுக்கு டிரைவ். இதற்கு முன்னால் ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ போன்ற கார்களில் இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் இன்ஜினைக் குறுக்கே வைத்திருந்தார்கள். தண்ணீரால் குளிரும் நான்கு சிலிண்டர் இன்ஜினை கியர்பாக்ஸின் தலைமேல் ஏற்றி இத்தனை சின்ன இடத்தில் அடக்கி, லட்சக்கணக்கில் விற்றுக் காட்டியது இவர்தான்.

மிச்சமும் அதே மாதிரி. சக்கரம் வெறும் 10 அங்குலம். ஸ்பிரிங்குக்குப் பதில் அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்த ரப்பர் கோன். முன் சக்கரம் திரும்பும்போதும் சீராகச் சுற்ற கான்ஸ்டன்ட் வெலாசிட்டி ஜாயின்ட். அது இல்லையென்றால் வளைவில் ஸ்டீயரிங் கையிலேயே வெட்டி வெட்டி இழுக்கும். இசிகோனிஸ் கையால் வரைந்து கொடுத்த படங்களை அளவு சுத்தமான டிராயிங்காக மாற்றியவர் ஜாக் டேனியல்ஸ் என்ற இன்ஜினியர் (பேரைப் பார்த்துச் சிரிக்காதீங்க, உண்மையான பேர்). அவர் இல்லாமல் மினி இல்லை.

1957 கடைசியிலேயே மாதிரிக் கார் ரோட்டில் ஓடியது. 948 சிசி இன்ஜினோடு மணிக்கு 90 மைலைத் தாண்டியது. அந்தக் குட்டிக் காருக்கு அது ரொம்ப அதிகம் என்று ஸ்ட்ரோக்கைக் குறைத்து 848 சிசி ஆக்கினார்கள். 62.9 மிமீ போர், 68.26 மிமீ ஸ்ட்ரோக், 34 குதிரைத் திறன். மணிக்கு 70 மைல் சொச்சம். சாதாரணக் குடும்பத்துக்கு அது போதும்.

கார்புரேட்டரில் ஐஸ்

இப்போ அந்த இரண்டு பக்கக் கதைக்கு வருவோம். முதல் மாதிரிக் கார்களில் கார்புரேட்டர் முன் பக்கம், கிரில்லைப் பார்த்து இருந்தது. பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியிருக்கிற வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும் (தெர்மோடைனமிக்ஸில் தூங்காமல் இருந்திருந்தால் ஞாபகம் இருக்கும்). ஈரமான குளிர் காற்று நேராக அடிக்கிற இடத்தில் கார்புரேட்டருக்குள் அந்த ஈரமே ஐஸாக உறைந்து, காற்று போகிற வழியை அடைத்துவிடும். இன்ஜின் திணறும், நிற்கும்.

தீர்வு? இன்ஜினை அப்படியே 180 டிகிரி திருப்பினார்கள். கார்புரேட்டர் பின் பக்கம், கதகதப்பான இடத்துக்குப் போனது. இந்த மாற்றத்துக்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுவது ஐஸ் பிரச்சினைதான். ஆனால் இன்ஜினைத் திருப்பினால் சுழலும் திசையும் மாறும். அதைச் சரிக்கட்ட நடுவில் ஒரு ஐட்லர் கியர் சேர்க்கவேண்டி வந்தது. பழைய மினியில் கேட்கும் அந்த 'ஙொய்ங்' சத்தத்தில் இந்த டிரான்ஸ்ஃபர் கியர்களுக்குப் பங்கு உண்டு.

அடுத்தது, எதிர்ப் பக்கத்தில் இருந்த டிஸ்ட்ரிபியூட்டர் இப்போது முன்னால் வந்துவிட்டது. கிரில்லுக்கு நேர் பின்னால்!

1959 ஆகஸ்ட் 26-ல் மினி வெளியானது. விலை வரியோடு சேர்த்து ஏறத்தாழ 497 பவுண்டு. அந்த வருஷம் பிரிட்டனில் கோடை நல்ல வறட்சி. மழைக்காலம் வந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. எதிரே வரும் தண்ணீர் கிரில் வழியாக நேராக டிஸ்ட்ரிபியூட்டர் மேல் அடித்தது. காயிலிலிருந்து வரும் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் ஈரத்தின் வழியாகக் கசிந்து போனது. பொறி இல்லை, வண்டி இல்லை. நடு ரோட்டில், கொட்டும் மழையில், புது கார் நின்றது. பிறகு கம்பெனி மறைப்பு வைத்தது. கார்க்காரர்களோ பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை எடுத்து, விரல் நுனிகளை வெட்டி அதன் வழியாக வயர்களை விட்டு, டிஸ்ட்ரிபியூட்டருக்கே கையுறை மாட்டிவிட்டார்கள். மினி வட்டாரத்தில் இது இன்றைக்கும் பிரபலமான வைத்தியம்.

தண்ணீர் உள்ளேயும் வந்தது. தரைத் தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இணைப்பு தவறான திசையில் இருந்ததால் ஓடும்போது தண்ணீர் உள்ளே ஏறியது. மிதியடி நனைந்த பிறகுதான் காரணம் தேடினார்கள்.

மினியின் மற்ற வியாதிகள்

ஒவ்வொரு வியாதிக்கும் பின்னால் ஒரு நல்ல முடிவு இருக்கிறது பாருங்க.

ஒரே ஆயில்: இடம் மிச்சமானது. ஆனால் கியர் பற்கள் ஆயிலை அரைத்து அதன் அடர்த்தியைச் சீக்கிரம் கெடுத்துவிடும். கியரிலிருந்து உதிரும் இரும்புத் துகள் இன்ஜினுக்கும் போகும். அதைப் பிடிக்க டிரெயின் பிளக்கில் காந்தம் வைத்தார்கள். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப் போட்டால் இன்ஜின், கியர்பாக்ஸ் இரண்டும் சேர்ந்து தேயும். மினிக்காரர்கள் 20டபிள்யூ-50 ஆயிலும் அடிக்கடி ஆயில் சேஞ்சுமாக அலைவது இதனால்தான்.

கிளட்ச்: ஆயிலில் ஊறும் கியர்களும் உலர்ந்து இருக்கவேண்டிய கிளட்சும் பக்கத்துப் பக்கத்தில். ஆரம்ப காலக் கார்களில் ஆயில் கசிந்து கிளட்ச் வழுக்கியது.

குறுக்கு இன்ஜின்: ஆக்சிலரேட்டரை மிதித்தால் குறுக்கே வைத்த இன்ஜின் முன்னும் பின்னும் ஆடும். அதைப் பிடித்து நிறுத்த மேலே ஒரு ஸ்டெடி பார், அதில் ரப்பர் புஷ். புஷ் தேய்ந்தால் கிளட்ச் விடும்போது வண்டி குலுங்கும், எக்ஸாஸ்ட் பைப் விரிசல் விடும்.

ரேடியேட்டர்: முன்னால் இடம் இல்லாததால் பக்கவாட்டில், சக்கரத்தை ஒட்டி வைத்தார்கள். எதிர்க்காற்று நேராகக் கிடைக்காது, ஃபேனை நம்பித்தான் வாழ்க்கை. சக்கரம் வாரி அடிக்கும் சேறு ஃபின்களில் அடைத்தால் சூடு ஏறும்.

வால்வு சீட்: இது ஏ-சீரீஸின் பிறவிக் குணம். வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே வெட்டிய வால்வு சீட்டுகளை அந்தக் காலப் பெட்ரோலில் இருந்த ஈயம் பாதுகாத்தது. ஈயம் இல்லாத பெட்ரோல் வந்ததும் எக்ஸாஸ்ட் வால்வு சீட் தேய்ந்து உள்ளே இறங்க ஆரம்பித்தது. கெட்டியான சீட் இன்சர்ட் போடுவதுதான் நிரந்தரத் தீர்வு.

புகழும் கணக்கும்

இத்தனை இருந்தும் மினி ஜெயித்தது. காரணம் எளிமையானது: வேறு எந்தக் காரும் அவ்வளவு சின்ன உடம்பில் அவ்வளவு இடம் தரவில்லை, வளைவில் அப்படி ஒட்டிக்கொண்டு ஓடவில்லை. ரேஸ் கார் தயாரிப்பாளர் ஜான் கூப்பர் இதைக் கண்டுபிடித்தார். எளிய ஜனங்களுக்காகச் செய்த காரை ரேஸ் வண்டி ஆக்குவதில் இசிகோனிஸுக்கு முதலில் ஆர்வம் இல்லை. ஆனால் 1961-ல் மினி கூப்பர் வந்தது. மான்டி கார்லோ ராலியில் 1964, 1965, 1967 என்று மூன்று வெற்றி. 1966-லும் முதலில் வந்தது, ஹெட்லைட் விதியைக் காட்டித் தகுதி நீக்கம் செய்தார்கள்.

அவர் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1969-ல் சர் பட்டமும் கிடைத்தது. கணிதத்தில் மூன்று தடவை ஃபெயில் ஆனவருக்கு!

ஆனால் கணிதம் வேறு வாசல் வழியாக வந்தது. ஃபோர்டு கம்பெனி ஒரு மினியை வாங்கி நட்டு நட்டாகப் பிரித்துச் செலவுக் கணக்குப் போட்டது. ஒவ்வொரு காருக்கும் பி.எம்.சி. சுமார் 30 பவுண்டு இழக்கிறது என்று அவர்களுக்கு விடை வந்தது. பி.எம்.சி. இதை ஒத்துக்கொள்ளவில்லை. இருந்தாலும் நாட்டிலேயே அதிகம் பேசப்பட்ட காரால் கம்பெனி பணக்காரன் ஆகவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. விலை வைத்தது நிர்வாகம்தான், அந்தப் பழியை முழுக்க இசிகோனிஸ் தலையில் போட முடியாது. ஆனால் செலவு, சர்வீஸ், வாங்குகிறவர் விருப்பம் இதையெல்லாம் கேட்டு டிசைனை மாற்றும் ஆளும் அவர் இல்லை. காரில் ரேடியோ தேவையில்லை என்று நினைத்தவர். சொகுசு சீட் டிரைவரைத் தூங்க வைக்கும் என்று நம்பியவர்.

1968-ல் பி.எம்.சி. லேலண்டோடு சேர்ந்து பிரிட்டிஷ் லேலண்ட் ஆனது. புது நிர்வாகம் அவரை ஓரங்கட்டியது. அப்போது அவர் கையில் '9எக்ஸ்' என்ற திட்டம் இருந்தது. மினியைவிட நீளம் குறைவு, உள்ளே இடம் அதிகம், எடை குறைந்த புது ஓவர்ஹெட் கேம் இன்ஜின். அதாவது, பழைய ஏ-சீரீஸை வைத்துத்தான் ஆகணும் என்ற அந்த முதல் நிபந்தனை இல்லாமல் மினியை மறுபடி செய்து பார்ப்பது. அது உற்பத்திக்கு வரவே இல்லை.

1971-ல் ஓய்வு. பிரிவு உபசாரப் பரிசாக அவர் கேட்டு வாங்கியது பெரிய மெக்கானோ செட் ஒன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஸ்மிர்னாவிலிருந்து கூடவே வந்த அம்மா 1972-ல் இறக்கும் வரை அவரோடுதான் வாழ்ந்தார். 1988 அக்டோபர் 2-ல் பர்மிங்ஹாமில் இசிகோனிஸ் காலமானார். மினி அவருக்குப் பிறகும் ஓடியது. 2000 அக்டோபரில் உற்பத்தி நிற்கும்போது மொத்த எண்ணிக்கை 53 லட்சத்தைத் தாண்டியிருந்தது. கடைசி வண்டியிலும் அதே ஏ-சீரீஸ் குடும்பத்து இன்ஜின்தான்.

நம்ம பானெட்டுக்குள்

இன்றைய சின்னக் கார்களில் இன்ஜின் குறுக்கே இருக்கிறது. ஆனால் கியர்பாக்ஸ் அடியில் இல்லை, இன்ஜினின் ஒரு முனையில் தனி ஆயிலோடு இருக்கிறது. இதை இத்தாலியில் ஃபியட் இன்ஜினியர் டான்டே ஜியாகோசா 1964-ல் ஆட்டோபியாங்கி பிரிமுலா காரில் செய்து காட்டினார். இசிகோனிஸின் யோசனையை எடுத்துக்கொண்டு, அதன் வியாதியைக் கழற்றிவிட்ட மாதிரி. உலகம் பின்பற்றியது அந்த வடிவத்தைத்தான்.

ரெவ்யூவில் நம்ம பிபிடி-யின் கடைசிப் பக்கத்துக்கு முன்னால் 'லிமிடேஷன்ஸ்' என்று ஒரு ஸ்லைடு வைப்போம். கைடு கேட்கிறாரே என்று ராத்திரி ரெண்டு மணிக்கு ரெண்டு பாயின்ட் அடித்து ஒட்டுவோம், இல்லையா? இசிகோனிஸ் கதையைப் படித்த பிறகு எனக்கு அந்த ஸ்லைடு மேல் மரியாதை வந்திருக்கிறது. கார்புரேட்டரைக் காப்பாற்ற இன்ஜினைத் திருப்பிய அன்றைக்கே, மறுபக்கத்தில் இருந்தது என்ன ஆகும் என்று யாராவது ஒரு வாளித் தண்ணீரை எடுத்து கிரில் மேல் ஊற்றிப் பார்த்திருந்தால் போதும். அந்த வாளித் தண்ணீரை நம்ம புராஜெக்ட் மேல் முதலில் ஊற்ற வேண்டியது நாமதான். இல்லையென்றால் வாங்கினவர் மழையில் நின்று அதைக் கண்டுபிடிப்பார்.